டிரம்முக்கு வந்த நான்காவது ரிப்பன்

2002 ஜூன் 13, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, பஞ்சந்தாங்கி புனித செசிலியா பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கும் தொம்மையின் கோட்டில் மூன்றாக இருந்த ரிப்பன்கள் நான்காயின. அந்தோணியார் திருவிழாப் பூசை முடிந்து கிளம்பிய ஊர்வலம் தபால் நிலையத்தைத் தாண்டி மாவு மில் திருப்பத்தில் நின்றிருந்தது. மாஸ்டர் சவரிமுத்து தன் கிளாரிநெட்டுக்கு ரீடு மாற்றிக்கொண்டிருந்தார். இருநூறு பேருக்குக் குறையாத கூட்டம் வெயிலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. அப்போது தொம்மையின் இடது மார்பில் குத்தியிருந்த பட்டை சத்தமில்லாமல் ஒரு விரல் அகலம் நீண்டு, ஓரங்களில் வெள்ளைக் கோடு ஓடிய ஆரஞ்சு நிற ரிப்பன் ஒன்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மாவு மில் ராயப்பன்தான் முதலில் பார்த்தவர்.

"தொம்மை, ஒன் கட்சிக்கொடிக்குப் பக்கத்துல காவி மொளைக்குது பாரு."

தொம்மை குனிந்து பார்த்தார். டிரம்மின் மேல் விளிம்பு மறைத்தது. அதற்குள் ரீடு மாற்றி முடிந்திருந்ததால் ஊர்வலம் நகர்ந்தது. ஒரு ரிப்பனுக்காக அந்தோணியாரைக் காக்க வைக்க யாருக்கும் மனமில்லை.

அந்தப் பட்டை செட்டுக்கு வந்து ஆறு வருஷமாகியிருந்தது. மதுரையில் வெளிநாட்டுப் பழந்துணியை எடை போட்டு விற்கும் ஒருவரிடம் சவரிமுத்து பதினைந்து கோட்டுகள் வாங்கி வந்து, எல்லாவற்றையும் ஒரே சிவப்பில் சாயம் முக்கியபோது, ஒரு கோட்டில் மட்டும் இது குத்தியபடி இருந்தது. சிறுவிரல் நீளத் தகரத்தின் மேல் மூன்று ரிப்பன் துண்டுகள்: கறுப்பில் இரண்டு வெள்ளைக் கோடு ஒன்று, கறுப்பும் வெள்ளையுமாக நடுவில் சிவப்போடு ஒன்று, வெறும் நீலம் ஒன்று. செட்டில் பதக்கத்துக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு நவம்பரிலும் செசிலியா திருநாளன்று, பால் பவுடர் டின் மூடியில் வெட்டிய பதக்கம் ஒன்றை மாஸ்டர் ஆளுக்கு ஆள் குத்திவிடுவார்; யார் மார்பில் அதிகமோ அவர் முன்வரிசை. பெரிய டிரம்காரர் மட்டும் எத்தனை பதக்கம் வாங்கினாலும் கடைசி வரிசைதான். கடைசி வரிசை ஆளின் மார்பை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் எந்த ஊர் என்றே தெரியாத அந்தப் பட்டையோடு அந்தக் கோட்டு தொம்மைக்குப் போனது. ஆனாலும் பார்த்தார்கள். நடுவில் இருந்த கறுப்பு வெள்ளை சிவப்பை ஊரே ஒரு கட்சியின் கொடி என்று எடுத்துக்கொண்டது. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாசிக்கப் போகும்போது தொம்மை அதன் மேல் ஒரு கர்சீப்பைக் குத்திக்கொண்டு போவார். பந்தியில் குறை சொல்வதற்கு வேறு விஷயங்கள் இருக்கட்டும் என்பார் சவரிமுத்து.

திருவிழா முடிந்து கோட்டைக் கழற்றியதும் ஆரஞ்சு ரிப்பன் காணாமல் போனது. மறுபடி மாட்டி, டிரம்மையும் கட்டிக்கொண்டு நின்றபோது வந்தது. இதற்கு விவரம் தெரிந்தவர் யார் என்று விசாரித்ததில், சிலுவை மேட்டுத் தொழுநோயாளர் இல்லத்தில் முப்பத்து நான்கு வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவரும் சிஸ்டர் ஹில்டெகார்டு பெயர் வந்தது. சவரிமுத்து தொம்மையைக் கோட்டும் டிரம்முமாக மேட்டுக்கு நடத்திக் கூட்டிப் போனார். சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"எங்கய்யா புடிச்சீங்க இத?"

"மதுரையில சிஸ்டர். கிலோ கணக்குல."

"இது எங்க ஊரு பட்டாளத்துதுய்யா. ஜெர்மனி." விரலால் தொடாமல் ஒவ்வொன்றாகக் காட்டினார். "கறுப்புல வெள்ளைக் கோடு, இது இரும்புச் சிலுவை. சண்டையில முன்னால நின்னவனுக்கு. நீலம், பட்டாளத்துல ரொம்ப வருஷம் வேலை பாத்தவனுக்கு. பெருசா ஒண்ணும் செஞ்சிருக்க வேண்டாம், ஓடிப் போகாம இருந்தாப் போதும்."

"அப்ப இந்தக் கட்சிக்கொடி?"

"அது மொத உலகச் சண்டைக்குப் போன எல்லாருக்கும் வந்தது. சண்டை முடிஞ்சு பதினாறு வருஷம் கழிச்சுக் குடுத்தாங்க. எங்கப்பாவுக்கும் வந்துச்சு. குடுத்த கவர்மெண்டு எதுன்னு தெரிஞ்சா நீங்க கையக் கழுவிட்டு வருவீங்க." பிறகு நான்காவதிடம் வந்து நின்றார். "இது சண்டைக்கு இல்ல. பட்டாளத்துக்காரனா இருக்கணும்னும் இல்ல. தண்ணியிலயோ தீயிலயோ மாட்டிக்கிட்ட உசுர, தன் உசுரப் பாக்காமக் காப்பாத்துனவங்களுக்கு." நிமிர்ந்து தொம்மையைப் பார்த்தார். "யாரைக் காப்பாத்துனீங்க?"

தொம்மை வாய் திறப்பதற்குள் சவரிமுத்து சொன்னார்:

"இவன் இல்ல சிஸ்டர். டிரம்மு."

பஞ்சந்தாங்கியில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1993 நவம்பர் 12 மாலை ஐந்து மணிக்கு, நரியோடைத் தரைப்பாலத்தில் ஏறிய டவுன் பஸ்ஸை வெள்ளம் புரட்டியது. இருபத்தாறு பயணிகளில் பத்தொன்பது பேரையும் டிரைவரையும் கரையிலிருந்தவர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். பின்சீட்டிலிருந்த மூன்று வயதும் ஐந்து வயதுமான இரண்டு பிள்ளைகள் ஒரு பெரிய டிரம்மின் மேல் குப்புறப் படுத்தபடி அரைக் கிலோமீட்டர் மிதந்து போய்க் கருவேல மரத்தில் தட்டி நின்றார்கள். நாலு பேரை மறுநாள் பிணமாக எடுத்தார்கள். கண்டக்டரையும் அப்படித்தான் எடுத்தார்கள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் மரியபுஷ்பத்தின் மகள் ஜெசிந்தா, பதினாலு வயது, கிடைக்கவில்லை. கண்டக்டரின் பையில் இருபத்தேழு டிக்கெட் கிழித்த கணக்கு இருந்தது. ஒன்று கூடுதலாக இருந்தது எப்படி என்று போலீஸ் கேட்டபோது, அது டிரம்முக்குப் போட்ட லக்கேஜ் டிக்கெட் என்று ஊர் சொல்லிவிட்டது. டிரம்மின் சொந்தக்காரர் தொம்மை மறுநாள் பகலில் நனைந்த வேட்டியோடு நடந்து வந்து, டிரம்மை ஏற்றிவிட்டதாகவும், டீ குடிக்கப் போன இடத்தில் பஸ் கிளம்பிவிட்டதாகவும் சொன்னார். அவனுக்கு இல்லாத புத்தி அவன் டிரம்முக்கு இருக்கிறது என்றார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் நவம்பர் 12 அன்று கோயிலில் டிரம்முக்கு மாலை போடுகிறார்கள். பிழைத்த பிள்ளைகள் இரண்டும் வந்து அதை முத்தமிட்டுப் போகும்.

தொம்மை டீ குடிக்கப் போகவில்லை. தரைப்பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில், மழையில், தார்ப்பாய் இறக்கிய இருட்டில், பின்வாசல் வழியே ஏறிய அவரைக் கண்டக்டர் ஒருவர்தான் பார்த்தார்; இருபத்தேழாவது டிக்கெட் அவருடையது. பிள்ளைகளை டிரம்மில் ஏற்றியவர் அவர். ஜெசிந்தாவின் கையைப் பிடித்தவரும் அவர். அவள் இல்லாமல் கரை ஏறியவரும் அவர். இதை அவர் ஒன்பது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லவில்லை. உடல் கிடைக்காததால் மகள் எங்கோ இருக்கிறாள் என்று மரியபுஷ்பம் நம்பினார். பள்ளிக்கூட லீவு விட்டதும் 'காணவில்லை' நோட்டீஸ் கட்டோடு திருப்பூர், சேலம், பாலக்காடு, திருச்சூர் என்று பஸ் நிலையம் பஸ் நிலையமாக ஒட்டிக்கொண்டே போவார். ஒவ்வொரு மே மாதமும் அவருடைய பையைத் தூக்கி வந்து பஸ் ஏற்றிவிடுவது தொம்மைதான்.

எனவே ரிப்பன் டிரம்முக்கு வந்தது என்று ஊர் முடிவு செய்தபோது மற்ற எல்லோரையும்விட நிம்மதியடைந்தவர் அவர். டிரம் அவர் மார்பை உரசிக்கொண்டே இருக்கிறது, அதற்கென்று தனியாக மார்பு இல்லை, பாவம் அது எங்கே குத்திக்கொள்ளும் என்று ராயப்பன் விளக்கினார். யாருக்கும் இதில் குறை தெரியவில்லை. அடுத்த ஞாயிறு டிரம்முக்கு இரண்டாவது மாலையும் விழுந்தது.

மூன்று வாரம் கழித்து, நிலக்கோட்டைக் கல்யாணத்துக்குத் தன் கோட்டு காயாததால் அந்தக் கோட்டை மாட்டிப் போன சைடு டிரம் எட்வினுக்கு, ஏற்கெனவே இருந்த மூன்றோடு, வெள்ளையில் கறுப்புக் கரை போட்ட ரிப்பன் வந்தது. மேட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். சண்டை நடக்கும்போது பின்னாலிருந்து வேலை பார்த்தவனுக்கு உரியது என்று சிஸ்டர் சொல்லியனுப்பினார். "கரெக்ட்டுத்தான்" என்றார் எட்வினின் மனைவி, "எந்தச் சண்டையில இந்த மனுசன் முன்னால நின்னுருக்காரு?" அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் பூசை முடிந்து பன்னிரண்டு மணி வரை கோட்டை மாட்டிப் பார்க்க பேண்டு ஷெட்டில் வரிசை நின்றது, போர்டு எழுதும் ஆரோக்கியம் எனாமல் பெயிண்டில் ஷெட்டுச் சுவரில் ஐந்து ரிப்பன்களையும் வரைந்து, எது எதற்கு என்று கீழே எழுதிவைத்தார், படுக்கையில் கிடந்த மாமியாருக்குப் பதினோரு வருஷம் மலம் அள்ளிய ரெஜினாவுக்கு நீலம் இரண்டு வந்தபோது, செய்தி கேட்ட மாமியார் கட்டிலில் இருந்தபடியே "ரெண்டு எதுக்கு, ஒண்ணு பத்தாதா?" என்று கேட்டார், துபாய் போய்த் திரும்பிய மூன்று பேருக்கும் போய்வந்ததற்கான கறுப்பு வெள்ளை சிவப்பு மட்டும் வந்தது, ரேஷன் கடை வரதராஜனுக்கு எதுவுமே வராததால் கோட்டு இறுக்கமாக இருக்கிறது என்றார், தளர்த்தித் தைத்துக் கொடுத்தும் வரவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் சம்பளத்தோடு ரிப்பனையும் விசாரித்தார்கள். பங்குச்சாமியார் நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. கோயிலுக்குள் மாட்டிக்கொண்டு வராதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஊராட்சி மன்றம் ஆகஸ்ட் கூட்டத்தில், முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ரிப்பன் ஆதாரமாக ஏற்கப்படாது என்று தீர்மானம் போட்டது. எதிர்த்து இரண்டு ஓட்டு.

ஆரஞ்சு மட்டும் வேறு யாருக்கும் வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் சில வாலிபர்கள் வேடிக்கைக்காக அந்தக் கோட்டைக் கோயில் ஹார்மோனியத்தின் மேல் போர்த்திப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் உழைத்த ஹார்மோனியம். நீலமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணீர் லாரிமேல் போட்டார்கள், கொடிமரத்தில் சுற்றினார்கள், எதற்கும் வரவில்லை. ஜடத்துக்கு எதுக்குடா ரிப்பன் என்று ராயப்பன் திட்டி அனுப்பினார். அவர் சொன்னதை நாற்பது பேர் கேட்டார்கள். வீட்டுக்குப் போய் அதை யோசித்தவர் மரியபுஷ்பம் ஒருவர்தான். அந்த வாரம் முழுக்கச் சத்துணவுக் கூடத்தில் அரிசி களையும்போதும் பருப்பு கடையும்போதும் அதையே யோசித்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு, மாதா பிறந்த நாள். ஷெட்டில் வழக்கத்தைவிடக் கூட்டம். மரியபுஷ்பம் வரிசையில் நின்று, முறை வந்ததும், கோட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்கு வேண்டாம் மாஸ்டர். தொம்மையண்ணன் மாட்டட்டும்."

"அவன்தான் மாசத்துக்கு நாலு தடவ மாட்டுறானே புஷ்பம்."

"டிரம் இல்லாம."

சவரிமுத்து சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தொம்மையைத் திரும்பிப் பார்த்தார். தொம்மை டிரம்மின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றிருந்தார்.

"காய்ச்ச மாதிரி இருக்கு தங்கச்சி. இன்னொரு நாளு..."

"சட்டை மாட்டக் காய்ச்ச என்னண்ணே பண்ணும்?"

வரிசையில் யாரோ "மாட்டுப்பா, அதுல என்ன" என்றார்கள். எட்வின் போய் டிரம்மைக் கழற்றி வாங்கினார். தொம்மை தடுக்கவில்லை. கோட்டுக்குள் கையை நுழைத்தார், ஒரு கை, பிறகு மறு கை, பொத்தான் போடவில்லை. பட்டை நீண்டது. ஓரத்தில் வெள்ளை ஓடிய ஆரஞ்சு, மாவு மில் திருப்பத்தில் வந்ததைவிட ஒரு நூல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதலில் சந்தோஷப்பட்டது ஊர்தான். "அடப்பாவி, நீதானா? ஒம்பது வருசமா டிரம்முக்கு மாலை போட வச்சிட்டியே!" என்று ராயப்பன் அவர் முதுகில் அறைந்தார். மாஸ்டர் முன்வரிசை என்றார், செசிலியா திருநாளுக்கு வெள்ளியிலேயே பதக்கம் என்றார். மரியபுஷ்பம் அசையாமல் நின்றார். அவர் நிற்கிற விதத்தைப் பார்த்துச் சத்தம் தானாகக் குறைந்தது.

"அப்ப நீங்க பஸ்ஸுல இருந்தீங்க."

"இருந்தேன்."

"எம்புள்ள?"

"பக்கத்துலதான் இருந்தா. பின்சீட்டுல."

"அவ கையப் புடிச்சீங்களா?"

"புடிச்சேன் தங்கச்சி. வெளிய இழுத்துட்டேன். அந்தச் சின்னதுக ரெண்டும் டிரம்மு மேல. டிரம்ம ஒரு கையில புடிச்சிருந்தேன், இந்தக் கையில அவ. ஓடை நடுவுல டிரம்மு சாயப் பாத்துச்சு. ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு."

"அவளா விட்டாளா?"

வெளியே மாதா தேருக்குப் பூ கட்டுகிறவர்கள் பேசிக்கொள்வது உள்ளே கேட்டது.

"அவளா விட்டான்னு சொல்லணும்னுதான் இத்தன வருசம் யோசிச்சேன். அவ விடல. ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தா. நான்தான் வெரலப் பிரிச்சேன்."

"ஏதாச்சும் சொன்னாளா?"

"மாமான்னா. ரெண்டு தடவ."

மரியபுஷ்பம் அழவில்லை. அவர் கேட்டது வேறு.

"திருச்சூர் வரைக்கும் போனேனே. போன மே மாசங்கூட. என் பையத் தூக்கிட்டு வந்து, சன்னல் பக்கமாச் சீட்டுப் பாத்து ஒக்கார வச்சு, சோடா வாங்கிக் குடுத்து அனுப்புனீங்களே. அப்பக்கூடவா ஒரு வார்த்த சொல்ல வாய் வரல?"

"சொன்னா நீ தேடப் போக மாட்டியே தங்கச்சி. தேடாம நீ எப்படி இருப்பேன்னு..."

"அது எனக்குத் தெரியும். ஒங்களுக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டு அவர் வரிசையில் நின்றவர்களைத் தாண்டி வெளியே போனார். யாரும் வழிவிடவேண்டியிருக்கவில்லை, எல்லோரும் ஏற்கெனவே சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். தொம்மை கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று மாலைத் தேருக்குப் பெரிய டிரம் இல்லாமலே செட் வாசித்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்து ஒரு மாதம் பேசியது. இரண்டு உயிர் இருக்கிறதே என்றார்கள். மரியபுஷ்பத்துக்கு அவள் ஒருத்திதானே உயிர் என்றார்கள். இதே இடத்தில் நீயாக இருந்தால் என்று கேட்கப்பட்டவர்கள் வீட்டில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்கள். பிழைத்த பிள்ளைகளில் மூத்தவனுக்கு அப்போது பதினாலு வயது. அவனை அவன் அம்மா நரியோடைப் பக்கம் போகவிடாமல் வைத்துக்கொண்டார். சிஸ்டர் ஹில்டெகார்டிடம் போய், கையை விட்டவனுக்கு எப்படி இந்த ரிப்பன் வரும், இதில் தப்பு இருக்குமா என்று சவரிமுத்து கேட்டார். "தப்பு இல்ல" என்றார் சிஸ்டர். "எங்கப்பா மேசை டிராயர்லயும் நாலு ரிப்பன் இருந்துச்சு. எதையும் எதுக்குன்னு எங்ககிட்ட அவர் சொன்னதில்ல. நாங்க விளையாடக் கேட்டாக்கூடத் தரமாட்டார்." அடுத்த ஞாயிறு ஷெட்டுக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு வரதராஜன் மட்டும் வந்தார். ரிப்பன் வந்தால் அந்த நேரம் மறு கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பார்கள் என்கிற பயம் மற்றவர்களுக்கு வந்துவிட்டது. வரதராஜனுக்கு வர எதுவும் இல்லாததால் அந்தப் பயமும் இல்லை. நவம்பர் 12 அன்று டிரம்முக்கு யாரும் மாலை கொண்டுவரவில்லை. தொம்மைக்கும் கொண்டுவரவில்லை.

தொம்மை மரியபுஷ்பத்தின் தெரு வழியாகப் போவதை நிறுத்தினார். மாவு மில்லைச் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். ஜனவரி கடைசியில் ஒரு காலை, பத்து மணிக்கு, மரியபுஷ்பமே அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரேஷன் கார்டும் பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழும்.

"கோட்டாட்சியர் ஆபீசுல கண்ணால பாத்த சாட்சி கேக்குறாங்க. வாரீங்களா?"

"வாரேன்."

"பத்தரை பஸ்ஸு."

அவர் முன்வாசலில் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். தொம்மை பின்வாசலில் ஏறி நின்றுகொண்டே வந்தார். தனித்தனியாக டிக்கெட் எடுத்தார்கள். ஆபீசில் எழுத்தர் ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சாட்சிக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு என்று கேட்டார்.

"உறவு இல்லீங்க" என்றார் மரியபுஷ்பம். "பக்கத்துல இருந்தாரு."

எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு தொம்மையை நடந்ததைச் சொல்லச் சொன்னார். மரியபுஷ்பம் எழுந்து வெளியே போவார் என்று தொம்மை காத்திருந்தார். அவர் போகவில்லை. நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முழுவதையும் இன்னொரு முறை கேட்டார்.

2003 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, ஜெசிந்தாவின் இறப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டது. இறந்த நாள் 12.11.1993. இடம், நரியோடைத் தரைப்பாலம். வயது பதினான்கு. அந்த வருஷம் பள்ளிக்கூட லீவு விட்டபோது மரியபுஷ்பம் ஊரிலேயே இருந்தார்.